யார் எவ்வளவு பன்றிக்கறி சாப்பிடுகிறார்கள்? தலைக்கு இத்தனை கிலோ என்ற கணக்கை எப்படிப் படிப்பது?

தரவுத்தேனீ

வணக்கம் நண்பர்களே. நாடுவாரியாக ஆளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு பன்றி இறைச்சி என்று ஓர் உலக வரைபடம் போட உட்கார்ந்தேன். தரவு கிடைத்துவிட்டது, ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அட்டவணையில் ஹாங்காங், குரோவேஷியா, ஸ்பெயின், போலந்து எல்லாம் முன்வரிசையில், 50 கிலோவை ஒட்டியோ தாண்டியோ நிற்கின்றன. ஜெர்மனிக்கு ஓர் இடத்தில் 40, இன்னோர் இடத்தில் 29. சீனாவுக்கு ஓர் இடத்தில் 40ஐத் தாண்டுகிறது, அந்த நாட்டு அரசின் கணக்கெடுப்பிலோ 30. உலக சராசரி 15 கிலோ என்று வருகிறது. அந்தப் பதினைந்துக்கு அருகில் இருக்கும் பெரிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இந்த வரைபடத்தைப் பள்ளிப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். ஒரு நாட்டின்மேல் ஒரு நிறத்தைப் பூசினால் அங்குள்ள எல்லோரும் அப்படித்தான் என்று மனதில் பதிந்துவிடும். அதனால் அவசரப்படாமல் கேட்கிறேன். எந்த எண்ணை எடுப்பது? பக்கத்துப் பக்கத்து நாடுகளுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

கணக்கர்

நல்ல கேள்வி தேனீ. முதலில் எண்கள் ஏன் ஒட்டவில்லை என்பதைப் பார்ப்போம், அதுதான் எளிது.

உணவு வேளாண் அமைப்பு யார் வீட்டுத் தட்டையும் எட்டிப் பார்ப்பதில்லை. நாட்டில் உற்பத்தியானது, அதோடு இறக்குமதி, அதில் ஏற்றுமதியைக் கழி, கிடங்கு இருப்பு மாறியிருந்தால் சரிசெய், மக்கள்தொகையால் வகு. அவ்வளவுதான். வருவது ‘கிடைத்த அளவு’. அதுவும் அறுத்துச் சுத்தம் செய்த முழு உடலின் எடையில், எலும்பு, கொழுப்போடு. கடையில் வீணானது, வீட்டில் குப்பைக்குப் போனது எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஓஈசிடி அமைப்பு (வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) இப்படிப்பட்ட எண்ணை எடுத்துப் பல ஆண்டுகள் 0.78ஆல் பெருக்கி, கடையில் விற்கும் எடையாக மாற்றித் தந்தது. அதனால் 40 என்பது அங்கே 31 ஆகிவிட்டது.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போய் இரண்டு வரிசைகளைத் தனித்தனியாகவே வெளியிடுகிறது. நாட்டில் மொத்தமாகச் செலவானது ஒன்று; எலும்பு, பிராணித் தீவனம், தொழிற்சாலைப் பயன்பாடு, வீணானது இவற்றைக் கழித்த பிறகு மனிதர் உண்மையில் சாப்பிட்டது இன்னொன்று. 2022இல் இரண்டாவது வரிசை 29 கிலோ. முதல் வரிசை சுமார் 40. நீங்கள் பார்த்த இரண்டுமே சரியான எண்கள்தான். ஒரே பன்றியை இரண்டு இடத்தில் எடை போட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: ஒரே வரைபடத்தில் இரண்டு வகை எண்களைக் கலக்காதீர்கள். இணையத்தில் சுற்றும் ‘முதல் 10 நாடுகள்’ பட்டியல்களில் பல இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

வெட்டுமேசை

இறைச்சி பதனிடும் ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் இருப்பவன். கணக்கர் சொன்னதை வெட்டும் இடத்திலிருந்து சொல்கிறேன்.

உயிரோடு வரும் பன்றி 110 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம், குடல், ரோமம் போனபின் கொக்கியில் தொங்குவது 80 கிலோவை ஒட்டி இருக்கும். அந்த 80தான் புள்ளிவிவரத்தில் ஏறும் எடை. அதை மேசைக்குக் கொண்டுவந்து தொடை, முதுகுப்பகுதி, வயிற்றுப்பகுதி, தோள் என்று பிரித்து, எலும்பை எடுத்து, மிகையான கொழுப்பைச் சீவினால் கையில் நிற்பது 55, 60 கிலோ. ஒவ்வொரு நாட்டிலும் சீவும் அளவு வேறு. தலையும் காலும் அந்த 80க்குள் சேருமா சேராதா என்பதுகூட நாட்டுக்கு நாடு மாறும்.

ஸ்பெயினில் இன்னொரு விஷயம். அங்கே பின்னந்தொடையை உப்பிலிட்டு மாதக்கணக்கில், நல்ல ரகமாக இருந்தால் மூன்று வருடம்கூடத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். உலர்ந்து முடியும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கிடைத்த அளவுக் கணக்கில் அது முழுத் தொடையாக ஏறியிருக்கும். சாப்பிடுபவர் தட்டில் காகிதம்போல் மெலிசான சில துண்டுகள் வரும். 50 கிலோ என்றதும் தினமும் பெரிய துண்டாக வறுத்துத் தின்கிறார்கள் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அதில் பெரும்பங்கு உலர்தொடை, தொத்திறைச்சி (சாசேஜ்) என்று பதப்படுத்திய வடிவில்தான் போகிறது.

பொன்வண்டு

ஹாங்காங், குரோவேஷியா, ஸ்பெயின் மூன்றுமே சுற்றுலா இடங்கள் ஆயிற்றே. வந்து போகிறவர்கள் சாப்பிட்டதை உள்ளூர்க்காரர் தலையில் கட்டியிருப்பார்களோ?

கணக்கர்

பலரும் சொல்லும் காரணம்தான் பொன்வண்டு. போட்டுப் பார்த்துவிடலாம்.

குரோவேஷியாவில் சுற்றுலாப் பயணிகள் ஆண்டுக்குத் தங்கும் இரவுகள் சுமார் 10 கோடி. 365ஆல் வகுத்தால், ஆண்டு முழுக்க அங்கேயே குடியிருக்கும் 2.7 லட்சம் பேருக்குச் சமம். நாட்டின் மக்கள்தொகை 39 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, கூடுதல் 7 சதவீதம்தான். 50 கிலோ 47 ஆகும், அதற்குமேல் குறையாது.

ஸ்பெயினுக்கு 2023இல் 8.5 கோடி வெளிநாட்டுப் பயணிகள். ஆளுக்கு ஏழு நாள் என்றாலும் 16 லட்சம் நிரந்தரவாசிகளுக்குச் சமம். 4.8 கோடிப் பேர் உள்ள நாட்டில் அது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஹாங்காங்குக்கு 2018இல் 6.5 கோடிப் பேர் வந்தார்கள், ஆனால் பாதிக்கும் மேல் காலையில் வந்து மாலையில் திரும்பியவர்கள்.

எனவே, சுற்றுலாவைக் கழித்தாலும் இந்த மூன்று இடங்களும் மேலேதான் இருக்கும். ஹாங்காங்கில் நான் சந்தேகப்படுவது வேறொன்றை: துறைமுகத்தில் இறங்கி சீனப் பெருநிலத்துக்குத் திரும்ப ஏற்றப்படும் சரக்கு. இறக்குமதி முழுமையாகப் பதிவாகி, மறு ஏற்றுமதியில் கொஞ்சம் விட்டுப்போனால், 75 லட்சம் பேர் உள்ள இடத்தில் அது உடனே தலைக்குக் கிலோவாகத் தெரியும்.

விதைநெல்

அந்தக் கழித்தல் சிக்கலுக்கு டென்மார்க்கைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சுமார் 60 லட்சம் பேர் உள்ள நாடு. பன்றிகள் அதைப்போல் இருமடங்கு அளவில். பல ஆண்டுகள் 15, 16 லட்சம் டன் அளவில் பன்றி இறைச்சி உற்பத்தி செய்தது, அதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு வெளிநாட்டுக்கு. பெரிய எண்ணிலிருந்து இன்னொரு பெரிய எண்ணைக் கழிக்கிறோம், மிச்சம் சிறியது. உற்பத்தியிலோ ஏற்றுமதியிலோ 5 சதவீதம் தவறிப்போனால் அது 80 ஆயிரம் டன். மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 13 கிலோவுக்கும் மேல். ஒரு கையெழுத்துப் பிழையில் ஒரு நாடு ‘மிதமான’ நிறத்திலிருந்து ‘மிக அதிக’ நிறத்துக்குத் தாவிவிடும்.

2002ஆம் ஆண்டுக்கான பழைய அட்டவணையில் டென்மார்க் மக்கள் எல்லா இறைச்சியும் சேர்த்துத் தலைக்கு 145.9 கிலோ என்று போட்டு, உலகிலேயே முதலிடம் கொடுத்திருந்தார்கள். அதையே வைத்து எத்தனை கட்டுரைகள்! நாளுக்கு 400 கிராம், கைக்குழந்தை உட்பட. நம்புகிற மாதிரியா இருக்கிறது?

தேனீ, உற்பத்தியில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்யும் சிறு நாடுகளுக்கு வரைபடத்தில் கோடு போட்ட நிறம் கொடுங்கள். எண் உறுதியில்லை என்று பார்த்ததும் தெரியட்டும்.

தரவுத்தேனீ

கோடு போட்ட நிறம் நல்ல யோசனை விதைநெல், எடுத்துக்கொள்கிறேன். வெட்டுமேசை அண்ணே, அந்த 110, 80, 55 வரிசையைப் படமாகவே வரைந்து ஓரத்தில் வைக்கப்போகிறேன்.

சீனாவைப் பற்றி யாராவது சொல்லுங்கள். உலகத்தின் மொத்தப் பன்றிக்கறியில் பாதிக்கு அருகில் அங்கேதான். அந்த ஒரு எண் தவறினால் உலக சராசரியே தவறு.

செம்பருத்தி

கால்நடை மருத்துவம் படித்தவள், சீன நிலவரத்தைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன்.

உங்கள் 40, 30 குழப்பத்துக்கு விடை இதுதான். 2023இல் சீன உற்பத்தி 5 கோடியே 79 லட்சம் டன். 141 கோடியால் வகுத்தால் 41 கிலோ. அதே ஆண்டு அரசின் வீட்டுக் கணக்கெடுப்பில் தலைக்கு 30.5 கிலோ. வீட்டுக் கணக்கெடுப்பில் உணவகம், அலுவலக கேன்டீன், விடுதி இவற்றில் சாப்பிட்டது சரியாக வராது. முன்னதில் எலும்பும் உண்டு. இரண்டுக்கும் நடுவே எங்கோ உண்மை இருக்கிறது.

இதைவிட முக்கியம், எந்த ஆண்டின் எண்ணை எடுக்கிறீர்கள் என்பது. 2018 ஆகஸ்டில் லியாவ்னிங் மாகாணத்தின் ஷென்யாங் நகரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதருக்குத் தொற்றாத நோய், ஆனால் பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் சாவுதான். நோயைக் கட்டுப்படுத்த மந்தை மந்தையாக அழித்தார்கள். 2018இல் 5 கோடியே 40 லட்சம் டன்னாக இருந்த உற்பத்தி 2019இல் 4 கோடியே 25 லட்சம், 2020இல் 4 கோடியே 11 லட்சம். வீட்டுக் கணக்கெடுப்பிலும் 2020இல் தலைக்கு 18.2 கிலோதான். மூன்றே வருடத்தில் அது 30ஐத் தாண்டி ஏறியது.

18க்கும் 30க்கும் நடுவில் ஒரு மக்களின் பழக்கமா மாறிவிட்டது? ருசி அப்படியேதான் இருந்தது. கறி இல்லை, இருந்ததும் எட்டாத விலை. 2020ஐ எடுத்து வரைபடம் போட்டால் நோயைத்தான் வரைந்தவர் ஆவீர்கள். ஐந்தாண்டு சராசரி எடுங்கள், அல்லது 2017ஐயும் 2023ஐயும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

வியட்நாமிலும் இதே கதை. 2019 பிப்ரவரியில் நோய் நுழைந்து, அந்த ஒரே ஆண்டில் சுமார் 60 லட்சம் பன்றிகள் போயின. பிலிப்பைன்ஸ் இன்னும் முழுதாக மீளவில்லை.

மலையேறி

எனக்கு நாடு என்ற அலகின்மேலேயே வருத்தம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மலேசியாவை எடுங்கள். நாட்டுச் சராசரி ஏழு கிலோ அளவில் இருக்கும். 2020 கணக்கெடுப்பின்படி 63.5 சதவீதம் முஸ்லிம்கள், அவர்களுக்கு இது சுழியம். மீதியிலும் சாப்பிடாதவர்கள் உண்டு. சாப்பிடுபவர் 30 சதவீதம் என்று வைத்தால், அவர்களுக்குள் தலைக்கு 23 கிலோ. ஏழு கிலோ சாப்பிடும் மலேசியர் என்று ஒருவர் இருக்கிறாரா? அநேகமாக இல்லை. பூஜ்யமும் இருபத்துமூன்றும்தான் இருக்கின்றன.

இந்தோனேசியாவில் நாட்டுச் சராசரி ஒரு கிலோ அளவில். ஆனால் பாலி, கிழக்கு நுசா தெங்காரா, வட சுலவேசி, வட சுமத்ராவின் பத்தாக் பகுதிகள், பப்புவா இங்கெல்லாம் பன்றி இல்லாமல் விருந்தே இல்லை. கிழக்கு நுசா தெங்காராவில் மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் ஒருவருக்கொருவர் கொடுக்கும் சீரிலேயே பன்றி உண்டு. வரைபடத்தில் அவர்கள் எல்லோரும் ‘கிட்டத்தட்ட இல்லை’ என்ற வெளிர்நிறத்தில் காணாமல் போகிறார்கள்.

இந்தியா அப்படித்தான். நாட்டுச் சராசரி அரைக் கிலோவைக்கூடத் தொடாது. நாகாலாந்திலும் மிசோரத்திலும் மேகாலயாவிலும் அன்றாட உணவு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 90 லட்சம் பன்றிகள், அதில் 21 லட்சம் அசாமில் மட்டும்.

செம்பருத்தி சொன்ன சீனாவுக்குள்ளும் இது உண்டு. சிச்சுவான், சோங்சிங் பக்கம் மிக அதிகம். உய்குர், ஹுய் முஸ்லிம்கள் வாழும் சின்ஜியாங், நிங்சியா பக்கம் மிகக் குறைவு. ஜப்பானிலோ மதத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கோடு: டோக்கியோ பக்கத்துக் கிழக்குப் பகுதியில் வீட்டுச் சமையலுக்குப் பன்றி, ஒசாகா பக்கத்து மேற்கில் மாடு. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் வருடா வருடம் தெளிவாகத் தெரியும்.

கணக்கர்

மலையேறி சொன்னதை உலகத்துக்கே போட்டுப் பார்க்கலாம், தோராயமாக.

உலக உற்பத்தி சுமார் 12 கோடி டன், மக்கள் 800 கோடி. சராசரி 15. சீனாவைத் தனியே எடுத்துவிட்டால் மிச்சம் ஆறு, ஆறரைக் கோடி டன், 660 கோடிப் பேர். சராசரி 10 கிலோ. அதிலிருந்து உலகின் முஸ்லிம்கள் சுமார் 190 கோடி, முஸ்லிம் அல்லாத இந்தியர் சுமார் 120 கோடி ஆகியோரைக் கழித்தால் (வடகிழக்கு மக்கள் மன்னிக்கவும், இது பருமட்டான கணக்கு) 350 கோடிப் பேர் மிஞ்சுகிறார்கள். தலைக்கு 18.

இப்போது மூன்று எண்கள்: சீனா 40, மற்ற சாப்பிடும் உலகம் 18, சாப்பிடாத உலகம் பூஜ்யம். ஒற்றைப் 15ஐவிட இந்த மூன்றும் பிள்ளைகளுக்கு நிறையச் சொல்லும்.

பொன்வண்டு

அப்போ எல்லாம் மதம்தான் என்று முடித்துவிடலாமா?

விதைநெல்

முடியாது பொன்வண்டு. மதம் ‘இல்லை’ என்பதை விளக்கும். ‘எவ்வளவு’ என்பதை விளக்காது. பிரேசிலும் போலந்தும் இரண்டுமே கத்தோலிக்க நாடுகள்தான், போலந்தில் ஆளுக்குப் பன்றி பிரேசிலைப்போல் இருமடங்குக்கும் மேல்.

பன்றியின் உடம்பைப் பாருங்கள். அதற்குப் புல் செரிக்காது, மாடும் ஆடும்போல் அசைபோடாது. வியர்த்துச் சூட்டைத் தணிக்கவும் முடியாது, நிழலும் ஈரமும் வேண்டும். பால் தராது, ஏர் இழுக்காது. ஆனால் மனிதன் கழிக்கும் எதையும் தின்று கொழுக்கும். ஒரே ஈற்றில் பத்துக்கும் மேல் குட்டி போடும். காடும் ஈரமும் தானிய மிச்சமும் உள்ள இடத்தில் இதற்கு இணை கிடையாது. வறண்ட புல்வெளியில் ஆடு மாட்டோடு போட்டி போடவே முடியாது. மங்கோலியாவில் எந்தத் தடையும் இல்லை, ஆனாலும் ஆடும் குதிரையும் மாடும்தான்.

நடு ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் ஓக் காடுகளில் கொட்டும் கொட்டைகளைத் தின்னவிட்டு, குளிர் தொடங்கியதும் வெட்டி, உப்பிட்டுப் புகையூட்டி வைத்துவிடுவார்கள். குளிர்சாதனப் பெட்டி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மாதக்கணக்கில் கறியைச் சேமிக்கும் வழி அது. கொழுப்பும் அங்கேதான் கிடைத்தது, ஆலிவ் விளையாத ஊர்களில் சமையலுக்கே பன்றிக்கொழுப்புதான்.

டென்மார்க்கின் கதையில் வெண்ணெய்தான் நாயகன். 1882இல் அங்கே முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. வெண்ணெய் எடுத்தபின் மிஞ்சிய பாலை என்ன செய்வது? பன்றிக்கு ஊற்றினார்கள். 1887இல் ஜெர்மனி உயிர்ப்பன்றி இறக்குமதியை நிறுத்தியது. அதே ஆண்டு ஹோர்சென்ஸ் ஊரில் விவசாயிகள் கூட்டுறவாக வெட்டுக்கூடம் தொடங்கி, கறியை உப்பிட்டு பேக்கனாக்கி இங்கிலாந்துக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். இன்றைய ஏற்றுமதி அங்கிருந்து வளர்ந்ததுதான்.

மலையேறி

சூழலை மறுக்கவில்லை விதைநெல். ஆனால் ஒரே மண், ஒரே மழை, ஒரே காடு உள்ள இடத்தில் எல்லைக்கோடு தாண்டியதும் எண் விழுவதை அதை வைத்துச் சொல்ல முடியாது. போஸ்னியாவைப் பாருங்கள். 2013 கணக்கெடுப்பில் மக்களில் பாதிப்பேர் முஸ்லிம்கள். சுற்றிலும் குரோவேஷியா, செர்பியா, மான்டினீக்ரோ. நாட்டு எண் அண்டை நாடுகளைவிடப் பலமடங்கு குறைவு. அதே மலைதான், அதே ஓக் மரம்தான்.

தடை என்றால் இஸ்லாமும் யூத மதமும் மட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. எத்தியோப்பியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் பன்றி தொடுவதில்லை. 10 கோடிக்கும் மேல் மக்கள் உள்ள நாடு, பெரும்பான்மை கிறிஸ்தவர்கள், எண் கிட்டத்தட்டச் சுழியம். வரைபடத்துக்குக் கீழே ‘முஸ்லிம் நாடுகள்’ என்று குறிப்பு எழுதினால் எத்தியோப்பியா விடுபட்டுப் போகும்.

தடை உள்ள இடத்திலும் சுழியம் முழுச் சுழியம் இல்லை. இஸ்ரேலில் 1962இல் சட்டம் போட்டுப் பன்றி வளர்ப்பைத் தடுத்தார்கள், ஆனால் நாசரேத் போன்ற கிறிஸ்தவர்கள் வாழும் சில பகுதிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். 1990களில் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்களால் விற்பனை கூடியது. எகிப்தில் 2009இல் மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் (எச்1என்1 ஃப்ளூ; செம்பருத்தி சொன்னது வேறு நோய்) பீதியில் அரசு ஏறக்குறைய 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. அந்தக் காய்ச்சல் பன்றிக்கறி தின்றால் வருவதே இல்லை. கெய்ரோவில் குப்பை சேகரித்து, மட்கும் கழிவைப் பன்றிக்குப் போட்டுப் பிழைத்த கோப்டிக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஒரே மாதத்தில் வாழ்வாதாரம் இழந்தன. தெருவில் குப்பை குவிந்தது. தலைக்கு எத்தனை கிலோ என்று பார்த்தால் எகிப்துக்கு அன்றும் இன்றும் சுழியம்தான். அந்தச் சுழியத்துக்குள் இவ்வளவு பேர் இருந்தார்கள். எனக்கு இது ஆறவே இல்லை.

தரவுத்தேனீ

மலையேறி அக்கா, எகிப்துக் கதையைப் பக்கத்தில் தனிக்குறிப்பாகச் சேர்க்கிறேன்.

சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா மட்டும் இன்னும் பிடிபடவில்லை. தடை இல்லாத நாடுகள் நிறைய, ஈரமும் உண்டு. ஆனாலும் வெளிர்நிறம்.

செம்பருத்தி

வருமானம் ஒரு காரணம், எந்த இறைச்சியும் அங்கே குறைவுதான். பலர் தவறவிடும் இன்னொரு காரணம் நான் முன்பு சொன்ன ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பெயரிலேயே ஆப்பிரிக்கா இருக்கிறதே. 1921இல் கென்யாவில்தான் முதன்முதலாக விவரித்தார்கள். அங்கே காட்டுப்பன்றி இனங்களிலும் அவற்றின் வளைகளில் வாழும் உண்ணிகளிலும் வைரஸ் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. காட்டு விலங்குக்கு ஒன்றும் ஆவதில்லை, வீட்டுப் பன்றி செத்துவிழும். நாலு பன்றி வைத்திருக்கும் குடும்பம் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் இழந்தால், அடுத்த முறை கோழி வாங்கத்தான் தோன்றும்.

இத்தனைக்கும் நடுவில் உகாண்டா வளர்ந்திருக்கிறது. 1980களில் சில லட்சம் பன்றிகள் இருந்த நாட்டில் இப்போது 30 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் பெண்கள் வீட்டோரம் ஒன்றிரண்டாக வளர்ப்பவை. பள்ளிக் கட்டணம் கட்டும் நேரத்தில் விற்பார்கள். தலைக்கு மூன்று கிலோவைத் தாண்டியதே கிழக்கு ஆப்பிரிக்காவில் அதிகம் என்று சொல்லப்படுகிறது. உலக வரைபடத்தில் அது கண்ணுக்கே தெரியாது, அளவுகோலை 0 முதல் 50 என்று சமமாகப் பிரித்தால். கீழ்ப்பகுதியில் 1, 2, 5 என்று சின்னச் சின்ன படிகளாக வையுங்கள்.

கண்டத்துக்கு வெளியே அதே வைரஸ் செய்ததையும் பாருங்கள். 1978இல் டொமினிக்கன் குடியரசில் நுழைந்தது. பக்கத்து ஹைட்டியில் பரவலைத் தடுக்க, 1983க்குள் நாட்டுப்பன்றி இனம் மொத்தத்தையும் அழித்தார்கள். ஹைட்டியக் குடியானவருக்கு அந்தக் கறுப்புப் பன்றிதான் சேமிப்பு. பதிலாக வந்த வெளிநாட்டு இனத்துக்குச் சுத்தமான கொட்டகையும் வாங்கிய தீவனமும் தேவைப்பட்டது. ஏழை வீட்டில் அது நிலைக்கவில்லை.

நிழற்குடை

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். காலத்தோடு எண் எப்படி மாறுகிறது என்பதையும் யாராவது சேர்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஜெர்மனியில் 2000களில் உண்மையில் சாப்பிட்ட அளவே 40 கிலோவைத் தொட்டு நின்றது. 2022இல் 29, அடுத்த ஆண்டு 27.5. உடல்நலம், விலங்கு நலம், வயதாகும் மக்கள்தொகை, கோழிக்கு மாறுவது என்று எல்லாம் சேர்ந்துதான். அமெரிக்காவில் 1987இலிருந்து ‘இன்னொரு வெள்ளை இறைச்சி’ என்று பெரிய விளம்பரமே செய்தார்கள், கோழியோடு போட்டி போட. கோழி ஏறிக்கொண்டே போனது, பன்றி கடை எடையில் 22, 23 கிலோவை விட்டுப் பெரிதாக நகரவில்லை.

மறுபக்கம் தென்கொரியா. 2022இல் தலைக்கு அரிசி 56 கிலோ அளவில், மாடு பன்றி கோழி மூன்றும் சேர்ந்து 58 கிலோ அளவில். அரிசியை இறைச்சி தாண்டிவிட்டது, அந்த இறைச்சியில் பாதி பன்றி. அதிலும் வயிற்றுப்பகுதிமேல் அவ்வளவு மோகம், உள்நாட்டுப் பன்றிகளின் வயிறு போதாமல் அந்தப் பகுதியை மட்டும் ஐரோப்பாவிலிருந்து இறக்குகிறார்கள். மாட்டுக்கறிக்குப் பெயர்போன அர்ஜென்டினாவில் 2010களின் தொடக்கத்தில் பன்றி 8 கிலோ அளவில் இருந்தது, மாட்டு விலை ஏற ஏற இப்போது இருமடங்கு. ரஷ்யா 2014இல் ஐரோப்பியப் பன்றிக்கறியைத் தடுத்து, பெரும் பண்ணைகளைக் கட்டி, இன்று ஏற்றுமதியே செய்கிறது.

ஒரே ஆண்டின் வரைபடத்தில் ஜெர்மனியும் கொரியாவும் ஒரே நிறத்தில் நிற்கும். ஒன்று இறங்குகிறது, இன்னொன்று ஏறுகிறது. சின்ன அம்புக்குறியாவது போடுங்கள் தேனீ.

தரவுத்தேனீ

அம்புக்குறி போட்டுவிடுகிறேன் நிழற்குடை, அடிக்கடி எழுதுங்கள்.

இப்படிச் செய்யப்போகிறேன். எல்லா நாட்டுக்கும் உணவு வேளாண் அமைப்பின் எண், ஐந்தாண்டு சராசரி. படிகள் கீழே நெருக்கமாக, மேலே அகலமாக. ஏற்றுமதி மிகுந்த சிறு நாடுகளுக்குக் கோடு போட்ட நிறம். இந்தோனேசியா, மலேசியா, சீனா, இந்தியா நான்குக்கும் உட்பிரிவு வரைபடம் தனியே. மாகாணத் தரவு கிடைக்காத இடத்தில் பன்றிகளின் எண்ணிக்கையை வைத்துச் சாயல் மட்டும் காட்டுவேன்.

கடைசியாக ஒன்று. ஈரல், குடல், கால், காது இதெல்லாம் இந்தக் கணக்கில் வருமா?

வெட்டுமேசை

ஈரல், குடல் போன்ற உள்ளுறுப்புகள் வராது. அந்த அமைப்பு அவற்றை ‘உண்ணத்தக்க உள்ளுறுப்புகள்’ என்று எல்லா விலங்குக்கும் சேர்த்துத் தனி வரியில் போடுகிறது. உருக்கும் கொழுப்புக்கும் தனி வரி. காலும் காதும் நான் முன்பு சொன்னமாதிரி, நாட்டைப் பொறுத்து உள்ளேயும் இருக்கும் வெளியேயும் இருக்கும்.

இதில் ஆசிய நாடுகளுக்குத்தான் குறைவாகக் காட்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வெட்டும் பன்றிகளின் கால், காது, வயிறு எல்லாம் பெட்டி பெட்டியாக உறைய வைத்து சீனாவுக்குப் போகிறது. எங்கள் வேலையில் ஒரு பன்றி லாபமா நட்டமா என்பதையே பல நேரம் அந்தப் பெட்டிகள்தான் தீர்மானிக்கும். வெட்டும் நாட்டில் அவற்றை வாங்க ஆள் இல்லை, அங்கே போனால் விருந்து. படத்தின் அடியில் ‘உள்ளுறுப்புகள் சேர்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி போடுங்கள், சீனாவுக்கும் வியட்நாமுக்கும் பக்கத்தில் அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.